முன்பக்கம் இரண்டு அங்குலம்

ஜூன் 4

காலையில் ஒரு ஆட்டோவுக்கு கிளட்ச் கம்பி மாற்றினேன். அது முடிவதற்குள் மலையிலிருந்து இன்னாசி வந்துவிட்டான். சவ்சவ் மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு அப்படியே பட்டறைக்கு வந்திருக்கிறான். போன மாதம் வாங்கிய பழைய பிக்கப் வண்டி. பின்பக்கம் பட்டை வில் உயரமாக நிற்கிறது, முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது.

"அண்ணே, வண்டி மூக்கு தரையப் பாத்துக்கிட்டே நிக்கிது. தோட்டத்துப் பாதையில கல்லு மேல கல்லா இடிக்கிது. பின்னாடி மட்டத்துக்கு முன்னாடியும் தூக்கிவிட்டுருங்க."

இந்த வண்டிக்கு முன்பக்கம் சுருள் வில் கிடையாது. சேஸிஸ் ஓரமாக நீளமாக ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. டார்ஷன் பார் என்பார்கள். அதுதான் முறுக்கேறி நின்று எடையைத் தாங்குகிறது. கம்பியின் பின்முனையில் ஒரு போல்ட். அதை இறுக்கினால் முறுக்கு கூடி மூக்கு எழும். புதிதாக எந்தச் சாமானும் வாங்க வேண்டியதில்லை.

"தூக்கலாம்ப்பா. ஆனா கொஞ்சம் கெட்டியா ஓடும். மெத்து மெத்துன்னு இருக்காது."

"லோடு வண்டிதானண்ணே. கல்யாண வண்டியா?"

இரண்டு அங்குலம் ஏற்றினேன். டேப் வைத்து நான்கு மூலையும் அளந்தேன். மட்டமாக நின்றது. இன்னாசி நாலடி தள்ளி நின்று பார்த்து, விசிலடித்தான்.

மாலையில் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டோம். பஞ்சவர்ணம் புதுப் புடவை கட்டியிருந்தாள்.

இடது கீழ் பால் ஜாயின்ட் ரப்பர் உறை கிழிந்துள்ளது. ஜாயின்ட் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. உரிமையாளர் பிறகு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

ஜூன் 5

வேன் ஒன்று, பிரேக் லைனிங். கம்ப்ரசர் பெல்ட் அறுந்துவிட்டது. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு சரியில்லை.

ஜூன் 12

இன்னாசி வந்தான். ஸ்டீயரிங் வலது பக்கம் இழுக்கிறது என்றான். முன்பக்கம் ஏறினால் சக்கரம் நிற்கும் சாய்வு மாறிவிடும், அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். நூல் பிடித்து இரண்டு சக்கரங்களையும் நேராக்கிக் கொடுத்தேன். திண்டுக்கல் போய் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "மழை விடட்டும்ண்ணே" என்றான்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். மேடு ஏறி இறங்கினால் முன்பக்கம் கட்டை மாதிரி விழுகிறது. முன்பெல்லாம் பள்ளத்தில் சக்கரம் இறங்க இடம் இருந்தது. இப்போது நாம் ஏற்றிய இரண்டு அங்குலம் அந்த இடத்தைத் தின்றுவிட்டது. ஓட்டுகிறவன் இடுப்பில்தான் எல்லாம் வந்து சேரும்.

ஜூன் 20

மழை. வேலை இல்லை. பழைய நட்டுகளை டப்பாவில் பிரித்துப் போட்டேன்.

ஜூலை 2

இன்னாசி மதியம் வந்திருந்தான். அவன் மனைவி செலினும் கூட. வண்டியில் ஏதோ சத்தம் என்றான். ரப்பர் இறுக்கம்தான், பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

செலின் நன்றாகச் சிரிக்கிற பெண். "அண்ணே, வண்டி நிமிந்து நிக்கிது, நாங்கதான் வளைஞ்சு போனோம். மேட்டுக்கு மேடு குடலு குதிக்கிது" என்றாள். பஞ்சவர்ணத்திடம் ஒரு பை மலை வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஜீப்புக்கு ரேடியேட்டர்.

ஜூலை 17

காலை பதினொன்றரை மணிக்கு டீக்கடையில் செய்தி. மலை ரோட்டில் ஒரு பிக்கப், மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே தடுப்புச் சுவரில் மோதிவிட்டது, ஒரு பெண் அந்த இடத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். வண்டி நிறத்தைக் கேட்டேன். வெள்ளை என்றார்கள். வெள்ளை வண்டி ஆயிரம் இருக்கிறது.

இரண்டு மணிக்குத்தான் தெரிந்தது. செலின். இன்னாசிக்கு இடுப்பும் இடது தொடையும் முறிந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பின்னால் சவ்சவ் மூட்டைகள் இருந்ததாம். ரோடெல்லாம் காய் உருண்டு கிடந்ததாம்.

இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூலை 18

அடக்கத்துக்குப் போனோம். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வளைவு வந்தபோது நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் மூடுபனி. பங்குச் சாமியார் பேசியது பாதி காதில் விழவில்லை. இன்னாசியின் மகள் ரின்சிக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஏழு. இருவரையும் செலினின் அண்ணன் சேவியர் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் ஒருவர் "குடிச்சிருந்தானா?" என்று கேட்டார். இன்னாசி குடிக்கமாட்டான். சேவியர் அவர் பக்கம் திரும்பினார். "முந்தின நாளு ராவெல்லாம் லோடு ஏத்தியிருக்கான். மூணு மணி நேரம்தான் தூங்கியிருக்கான். தூங்கிக்கிட்டே ஓட்டி என் தங்கச்சியக் கொன்னுட்டான்" என்றார். ரின்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

ஜூலை 19

மழை. கடை திறக்கவில்லை.

ஜூலை 22

காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வந்தார். அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் ஏற்படுத்தியதாக இன்னாசி மேல் வழக்குப் பதிந்திருக்கிறார்கள். வண்டிக்கு எங்கே வேலை பார்த்தது என்று விசாரித்து வந்திருக்கிறார்.

"இங்கதான் ஏட்டய்யா. ஜூன்ல முன்பக்கம் தூக்கிக் குடுத்தேன்."

"எழுத்துல ஏதும் இருக்கா?"

நாட்குறிப்பைக் காட்டினேன். சாமான் கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கிற டைரி இது. அன்றன்று வேலையை எழுதிவைப்பது என் பழக்கம், இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏட்டு ஜூன் 4 பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். கடைசி மூன்று வரிகளைச் சத்தமாகப் படித்தார். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லியும் மாத்தாம ஓட்டியிருக்கான். சரிதான்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனிதர்.

ஜூலை 25

மதுரை போய் இன்னாசியைப் பார்த்தேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முகம் பாதியாகிவிட்டது. ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"அண்ணே, நான் தூங்கிட்டேன் போல."

"போலன்னா?"

"தெரியலண்ணே. வளைவு திருப்புனது ஞாவகம் இருக்கு. அவ ஏதோ சொன்னா. அடுத்த நொடி வண்டி என் பேச்சக் கேக்கல. ஸ்டீயரிங்கத் திருப்புறேன், அது அது பாட்டுக்குப் போகுது. கனவு மாதிரி. எல்லாரும் நீ தூங்கிட்டடான்னு சொல்றாங்க. தூங்கித்தான் இருப்பேன். முழிச்சிருந்தா திருப்பியிருக்க மாட்டேனா?"

பிள்ளைகள் வந்தார்களா என்று கேட்டேன்.

"சின்னவன் ஒரு தடவ வந்தான். பாப்பா வரல. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சாம்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். ஆப்பிள் பை என் மடியில் இருந்தது. கொடுக்க மறந்திருக்கிறேன்.

ஜூலை 28

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வண்டிச் சோதனைக்கு ஆள் வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். இளவயதுக்காரர், பொறுமையான பேச்சு. வண்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று ஏட்டு என்னையே கூப்பிட்டுவிட்டார். நிலையத்தின் பின்வளாகத்தில், வேப்பமரத்தடியில் வண்டி கிடந்தது. இடது முன் சக்கரம் உள்பக்கமாக மடிந்து, கால் ஒடிந்து கிடக்கிற மாடு மாதிரி.

ஜாக்கி போட்டேன். கீழே படுத்துப் பார்த்தேன். கீழ் பால் ஜாயின்ட்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது. அதன் கிண்ணத்திலிருந்து குமிழ் கழன்று வந்திருக்கிறது.

"மோதுன வேகத்துல கழண்டதா, கழண்டதுனால மோதுனதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ரெண்டுமே இருக்கலாம் சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மோதலுக்கு முன்பா பின்பா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

ஜூலை 29

கிண்ணத்தின் உள்பக்கம் துரு. கிரீஸ் ஒரு சொட்டு இல்லை. வட்டமாக இருக்க வேண்டிய கிண்ணம் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அடிபட்டுக் கழன்றிருந்தால் இரும்பு புதிதாகக் கிழிந்து பளபளவென்று இருக்கும். அப்படி எங்கும் இல்லை.

இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

ஜூலை 30

மலைக்குப் போனேன். சாமான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். மூன்றாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

தடுப்புச் சுவர் இரண்டு அடி நீளத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. யாரோ ஒரு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள், மழையில் கரைந்து கிடந்தது. பள்ளத்தில் ஒன்றிரண்டு சவ்சவ் முளைவிட்டிருந்தது.

சுவரிலிருந்து மேலே ரோட்டைப் பார்த்து நடந்தேன். தாரில் ஒரு கீறல். விரல் ஆழம் இருக்கும். ஏர் பிடித்து உழுத சால் மாதிரி ஒரே கோடாக வருகிறது. சக்கரம் மடிந்த பிறகு அதைத் தாங்கும் இரும்புக் கை தரையில் உரசிய தடம். அடி எண்ணிக்கொண்டே போனேன். பதினெட்டு. சுவருக்குப் பதினெட்டு அடிக்கு முன்பே சக்கரம் மடிந்துவிட்டது.

இன்னாசி தூங்கவில்லை.

சாலைப் பணியாளர்கள் இருவர் மேல்வளைவில் தார் டின்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்குழிகளை எல்லாம் அடைக்கப் போகிறார்களாம். இங்கே எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "பத்து, பன்னெண்டு நாளாகும்ங்க. என்ன, வண்டி ஏதும் நின்னுபோச்சா?" என்றார் ஒருவர்.

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 1

டிராக்டர் ஒன்று, ஹப் பேரிங். போட்டதைக் கழற்றி மறுபடி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4

சேவியர் பட்டறைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, கேஸ் நடக்கும்போது உங்களக் கூப்பிடுவாங்க. நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். வண்டில நீங்க பாத்த வேல சரியா இருந்துச்சு, மாத்தச் சொன்னத அவன் மாத்தலன்னு எழுதியிருக்கீங்களாம்ல, அத மட்டும் சொல்லுங்க. போதும்."

"அதுனால உங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"பிள்ளைங்க எங்கிட்டயே இருக்கும். தாயக் கொன்னவன்கிட்ட அதுகள எப்படி விடச் சொல்றீங்க? பெரியவ இப்பவே அவன் பேரெடுத்தா எந்திரிச்சுப் போயிருது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவர். நான் சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 5

தலையாட்டினேன் என்று எழுதியிருக்கிறேன். அப்படித்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 7

மதியம் சாப்பாடு போட்டுவிட்டு பஞ்சவர்ணம் எதிரே உட்கார்ந்தாள். அவள் கையில் இந்த டைரி இருந்தது. அவள் இதை எடுத்துப் பார்ப்பவள் இல்லை.

"இங்கேருங்க, ஜூன் நாலாந்தேதி முழுக்க நீல மையில எழுதியிருக்கு. கடைசி மூணு வரி மட்டும் கறுப்பு. ஏன்?"

"பேனா தீந்துருக்கும்."

"கறுப்புப் பேனா இந்த வீட்டுக்கு எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். செலின அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநா, மழையில நீங்க கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தீங்க. ஒத்தப் பேனா வாங்க யாரும் மழையில போவாங்களா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"இன்னாசி செலினோட வந்தன்னிக்கும் நீங்க இதே எடத்துலதான் உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்க. எந்திரிக்கக்கூட இல்ல. நான்தான் பழப் பைய வாங்குனேன்" என்றாள். பிறகு டைரியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி. எழுதிவிடுகிறேன்.

ஜூன் 4 அன்று போல்ட்டை இறுக்கும்போது இடது பக்க ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் அது இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும். இரண்டு அங்குலம் ஏற்றிய பிறகு ஜாயின்ட் எப்போதும் சாய்ந்த நிலையிலேயே வேலை செய்யும்; கிழிசல் வழியே தண்ணீரும் மண்ணும் போகும். இது எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். புது ஜாயின்ட் மதுரையிலிருந்து வர வேண்டும், வண்டியை ஒரு நாள் நிறுத்த வேண்டும், மூன்று மணிக்குக் காதுகுத்துக்குக் கிளம்ப வேண்டும். மேலாகக் கொஞ்சம் கிரீஸைத் தடவினேன். அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்னாசியிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 12 அன்றும் சொல்லவில்லை.

ஜூலை 2 அன்று அவன் வாசலில் நின்று, "பள்ளத்துல எறங்குனா டக்கு டக்குன்னு சத்தம் வருதுண்ணே, கொஞ்சம் பாருங்களேன்" என்றான். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரத்தின் கை தடுப்பு ரப்பரில் தட்டுகிற சத்தமும் ஜாயின்ட் ஆடுகிற சத்தமும் கேட்பவனுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் கையை உதறாமல், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பழகிரும்ப்பா" என்றேன்.

ஜூலை 19 அன்று, நீலப் பேனா தீர்ந்திருந்ததால் கடையில் கிடைத்த கறுப்புப் பேனாவை வாங்கி வந்து, அந்த மூன்று வரிகளை எழுதினேன்.

ஆகஸ்ட் 8

பஞ்சவர்ணம் காபி மட்டும் வைத்தாள்.

டயர் ஒன்றுக்குப் பஞ்சர்.

ஆகஸ்ட் 9

காலையில் காவல் நிலையம் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வேறொரு வண்டியைப் பார்க்க அங்கே வந்திருந்தார். ஏட்டும் இருந்தார். டைரியை மேசை மேல் திறந்து வைத்தேன்.

"இந்தக் கறுப்பு வரி பின்னாடி எழுதுனது சார். வண்டி மோதி ரெண்டு நாள் கழிச்சு. நான் அவன்கிட்ட ஜாயின்ட்டப் பத்திச் சொல்லவே இல்ல."

ஏட்டு என்னையே பார்த்தார். "யோவ், என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றியா? நான் ரிப்போர்ட்ல இதச் சேத்துட்டேன்யா." அவர் என்னை யோவ் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "அன்னைக்கு ரெண்டுமே இருக்கலாம்னு சொன்னீங்களே?"

"பொய் சார். கழண்டதுனாலதான் மோதுச்சு. ரோட்டுல தடம் இருக்கு. தார் போடுறதுக்கு முன்னாடி வந்து பாருங்க."

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட ஒன்றரை மணி நேரம் ஆனது. இடையில் ஏட்டு ஒரு தடவை, "வக்கீலு யாரையும் கேட்டியா? உன் மேலயும் கேஸ் வரும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். டைரியையும் கேட்டார்கள். இன்றைய பக்கத்தை எழுதிவிட்டு நாளை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இனி எழுதுவதெல்லாம் பழைய கணக்கு நோட்டில்தான்.

ஆகஸ்ட் 10

வளைவுக்கு ஜீப்பில் போனோம். இன்ஸ்பெக்டர், ஏட்டு, நான். அந்த ரோட்டுப் பணியாளர்களும் வந்துவிட்டார்கள், ஜல்லி கொட்டியாகிவிட்டது, இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் எல்லாம் மூடியிருக்கும். இன்ஸ்பெக்டர் டேப் வைத்து அளந்தார். ஐந்து மீட்டர் நாற்பது. படம் எடுத்தார். குனிந்து, கீறலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"சுவத்துக்கு முன்னாடியே போயிருச்சு" என்று ஏட்டிடம் சொன்னார்.

திரும்பும்போது ஜீப் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறியது. செலின் சொன்ன குடல் குதிக்கிற வலி என்னவென்று எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 12

சேவியர் வந்தார். நிலையத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பட்டறை வாசலில் என் சட்டையைப் பிடித்தார். எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். கன்னத்தில் இரண்டு அடி. மூன்றாவதற்குக் கை ஓங்கியவர், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு உங்க முன்னாடி என்னென்னமோ பேசுனேனே. அவன் கொலகாரன்னு பிள்ளைககிட்டச் சொல்லிக் குடுத்தேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லய்யா?"

பஞ்சவர்ணம் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வேலைக்கு விட்டிருந்த வேனை ஒருவர் பாதியிலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 14

யாரும் வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். பஞ்சவர்ணம் மத்தியானம், "இன்னாசியப் போய்ப் பாத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "ஸ்டேஷன்ல சொன்னா முடிஞ்சுபோச்சா?"

ஆகஸ்ட் 16

மதுரை.

வார்டு வாசலில் பெஞ்சில் சேவியர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரின்சி. நான் வருவதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

இன்னாசி படுத்திருந்தான். நிலையத்தில் சொன்னதெல்லாம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னேன். கிழிந்த ரப்பர், காதுகுத்து, கறுப்பு மை, தாரில் இருந்த கீறல், எல்லாவற்றையும். அவன் விட்டத்தில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் வருதுன்னு வந்தேன்ல. அன்னைக்குத் தூக்கிப் பாத்திருந்தா எம்புட்டு நேரம் ஆயிருக்கும்ணே?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். "அவதான் சொன்னா. அண்ணன் சாப்புடுறாரு, தொந்தரவு பண்ணாதீங்க, வாங்க போவோம்னு. நான் இன்னொரு வாட்டி கேட்டிருப்பேன். அவதான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா."

மன்னிப்பு என்ற சொல்லை நாக்கு நுனி வரை கொண்டுவந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அதைக் கேட்பது இன்னொரு அடி அடிப்பது மாதிரி இருக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

"இந்த ஒரு மாசமா ஒவ்வொரு நாளும் அந்த வளைவத் திருப்பிக்கிட்டே கெடந்தேண்ணே" என்றான். "எந்த எடத்துல கண்ணு சொக்குச்சுன்னு தேடிக்கிட்டே. நீங்க முப்பது தடவ என்னையச் சாக வச்சிட்டீங்க." பிறகு, "எந்திரிங்க. வெளிய பாப்பா இருக்கு. மாமன் சொல்லி நம்பல, போலீஸ் சொல்லுச்சுன்னும் நம்பல. நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் என் கண்ணுல படாதீங்க."

வெளியே வந்தேன். ரின்சி பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். செலினின் முகவாய் அப்படியே. நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன், அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது. வண்டிக்கு என்ன ஆனது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஒரு குமிழ் இருக்கிறது, அது கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை, மாற்றவில்லை, அது கழன்றுவிட்டால் உலகத்தில் யார் ஓட்டினாலும் திருப்ப முடியாது என்று.

அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அப்பா தூங்கலையா?"

"இல்லம்மா. முழிச்சுத்தான் இருந்தாரு. கடைசி வரைக்கும் திருப்பப் பாத்தாரு."

"நான் அப்பாகூடப் பேசல. அம்மா செத்ததுலருந்து."

"தெரியும்மா."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா? அப்பா தூங்கலன்னு?"

"தெரியும்."

அவள் எழுந்துகொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என்னைச் சுற்றிக்கொண்டு, என் மேல் படாமல் பாவாடையை ஒதுக்கிப் பிடித்தபடி உள்ளே போனாள். கதவு வழியே தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். இன்னாசி தலையைத் தூக்க முடியாமல் தூக்கிப் பார்த்தான். அவள் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, எடை தொங்கிய கயிற்றில் இடிக்காமல், தலைமாட்டுப் பக்கம் போனாள்.

சேவியர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

இன்னாசி அழுத சத்தம் மாடிப்படி வரை கேட்டது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.